டஸ்டருக்கு வாங்கிய டிஸ்க் பிரேக் கிட்: இரும்புக்கு நாலு மார்க், பெட்டிக்கு ஒன்று

அவசரத்தில் இருப்பவர்களுக்காகத் தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் பழைய டஸ்டர் காரின் முன் டிரம் பிரேக்கைக் கழற்றிவிட்டு டிஸ்க் பிரேக் மாட்ட வாங்கிய கிட் இது. பெட்டிக்குள் இருந்த கனமான இரும்புச் சாமான்கள் நன்றாக இருக்கின்றன. கூட வந்த மாஸ்டர் சிலிண்டர் (பெடலை அழுத்தினால் பிரேக் ஆயிலைத் தள்ளுவது), வால்வு, ஹோஸ், விளக்கத்தாள் எதுவும் தேறவில்லை. பெட்டிமேல் பெரிதாகப் போட்டிருந்த ‘கம்ப்ளீட்’ என்ற வார்த்தை சுத்தப் பொய். 879 டாலர் கொடுத்து வாங்கினேன், கார் ஒழுங்காக நிற்க ஆரம்பித்தபோது செலவு 2,800ஐத் தாண்டிவிட்டது. ஒரு வார இறுதியில் முடிகிற வேலை என்று போட்டிருந்தார்கள். ஏப்ரலில் காரைத் தூக்கி ஸ்டாண்டில் நிறுத்தினேன், இறக்கியது ஜூலை கடைசியில்.

விற்றவர்கள் பெயரைப் போடவில்லை. இந்த மாதிரிப் பெட்டிகள் பல பெயரில் வருகின்றன, ஒரு கடையைத் திட்டிவிட்டு அடுத்த கடையில் இதையே வாங்கினால் யாருக்கும் லாபமில்லை. வாங்கும் முன் எதையெல்லாம் கேட்க வேண்டும் என்பதைத்தான் எழுதுகிறேன், நான் கேட்காமல் வாங்கியவன்.

வண்டி 1970 பிளைமவுத் டஸ்டர். மஸ்டாங், கமாரோ என்றால் எல்லோருக்கும் உடனே கண்முன் வரும், டஸ்டர் என்றால் மிச்சிகனிலேயே இளவட்டங்கள் முழிப்பார்கள். வேலியன்ட் என்ற சாதுவான குடும்பக் காரின் முன்பாதியை அப்படியே வைத்துக்கொண்டு, பின்பாதியை மட்டும் இரண்டு கதவோடு சரிவாக இழுத்து, சுழல்காற்றுக் கார்ட்டூன் ஒன்றை அடையாளமாக்கி 1970 மாடலாக இறக்கினார்கள். முதல் வருடமே இரண்டு லட்சத்துக்கும் மேல் விற்றது. அதில் 340 கன அங்குல எஞ்சின் போட்ட டஸ்டர் 340தான் ஆட்கள் மசில் கார் என்று மதிப்பது: 275 குதிரைத்திறன், அன்றைய ஆரம்ப விலை 2,547 டாலர், முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் கம்பெனியிலேயே வந்தது. என்னிடம் இருப்பது அது இல்லை. என்னுடையது 318, கம்பெனிக் கணக்கில் 230 குதிரை, நாலு சக்கரத்திலும் டிரம். வண்டி எண் வி.எல்.29.ஜி.0.பி என்று ஆரம்பிக்கிறது. வி என்றால் வேலியன்ட் குடும்பம், எல் என்றால் மலிவு ரகம், 29 இந்த இரண்டு கதவு உடல், ஜி என்றால் 318 எஞ்சின், 0 என்றால் 1970, பி என்றால் டெட்ராய்ட்டை ஒட்டிய ஹாம்ட்ராமிக் ஆலை. இந்த ஏழு எழுத்தைப் படிக்கத் தெரிந்தாலே பழைய கிரைஸ்லர் வண்டி வாங்கும்போது பாதி ஏமாற்று வேலை தெரிந்துவிடும், 340 ஸ்டிக்கர் ஒட்டிய எத்தனையோ 318 சந்தையில் சுற்றுகிறது.

எங்கள் தெருவில் எதிர் வீட்டுப் பெரியவர் அந்த ஹாம்ட்ராமிக் ஆலையில்தான் 1974இல் வேலைக்குச் சேர்ந்தாராம். என் கார் அவர் கையைத் தாண்டிப் போனதல்ல, ஆனாலும் அதை டிரெய்லரில் இருந்து இறக்கிய அன்றே கைகட்டிக்கொண்டு வந்து நின்றுவிட்டார். ஆலை 1980இல் மூடப்பட்டது, அந்த நிலத்தில் அப்புறம் ஜி.எம். ஓர் ஆலை கட்டியது, இப்போது அங்கே மின்சார ஹம்மர் செய்கிறார்கள். இவர் இன்னும் அதைப் பழைய ஆலையின் பெயரான டாட்ஜ் மெயின் என்றுதான் சொல்கிறார். இந்தக் கதையில் நான் செய்த தப்புகளில் பாதியைக் கண்டுபிடித்தவர் அவர்தான்.

போன வருடம் எஞ்சினில் கை வைத்தேன். இரட்டை வாய்க் கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு நாலு வாய் கார்புரேட்டர், அதற்கேற்ற அலுமினிய இன்டேக், பாயின்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன். நாலு சனிக்கிழமையில் முடிந்தது, சொல்லும்படி ஒன்றுமில்லை. சொல்ல வேண்டியது அதற்கு அப்புறம் நடந்தது. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டது, நிற்கத்தான் யோசித்தது. முதல் தடவை அழுத்தினால் நிற்கும். இரண்டாம் தடவை நிற்கும், கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும். சிக்னல் சிக்னலாக நாலு மைல் போனபின் ஐந்தாவது சிக்னலில் பெடல் கெட்டியாக இருக்கும், கார் மட்டும் போய்க்கொண்டே இருக்கும்.

டிரம் பிரேக்கின் குணமே அதுதான். டிரம்முக்குள் இருக்கும் வளைந்த கட்டைதான் ஷூ. அது டிரம்மைத் தொட்டதும் சுழலும் டிரம்மே அதை இன்னும் உள்ளே இழுத்துக்கொள்கிறது, முன் ஷூ பின் ஷூவைத் தள்ளுகிறது, கால் கொடுக்கும் பலம் தானாகவே பெருகுகிறது. பூஸ்டர் (கால் பலத்தைக் கூட்டித் தரும் கருவி) இல்லாமல் 3,000 பவுண்டு வண்டியை ஒரு காலால் நிறுத்த முடிவது அதனால்தான். ஆனால் பலம் பெருகும்போது குறையும் சேர்ந்து பெருகும். இடது லைனர் (ஷூமேல் இருக்கும் உராய்வுப் பட்டை) வலதைவிடக் கொஞ்சம் காய்ந்திருந்தாலோ, ஒரு டிரம்மில் மழைத்தண்ணீர் போயிருந்தாலோ, அந்தச் சின்ன வித்தியாசம் ஸ்டீயரிங்கில் பெரிய இழுப்பாக வந்து நிற்கும். சூடு வெளியே போக வழியில்லை, டிரம் விரிந்து ஷூவை விட்டு விலகும், லைனரும் வழுக்க ஆரம்பிக்கும். டிஸ்க்கில் இந்தப் பெருக்கம் கிடையாது. எவ்வளவு அழுத்துகிறாயோ அவ்வளவுதான் பிடிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கிட்டோடு வந்த மாஸ்டர் சிலிண்டரின் வண்டவாளம் இதில்தான் இருக்கிறது.

இன்னொன்று, மிச்சிகனில் வருடா வருடம் வண்டியைப் பரிசோதித்து முத்திரை குத்தும் வழக்கம் இல்லை. உப்பு போட்ட ரோட்டில் ஓடி அடிப்பலகை துருவில் ஓட்டையான வண்டிகூட நம்பர் பிளேட்டோடு போகும். உங்கள் பிரேக் சரியா என்று எந்த அதிகாரியும் பார்க்க மாட்டார். பார்க்க வேண்டியவர் நீங்கள்தான், அதுவும் ரோட்டுக்குப் போகும் முன்.

சரி, பெட்டி. இரண்டு பேர் தூக்கும் கனம். உள்ளே இரண்டு ஸ்பிண்டில் (முன் சக்கரம் சுழலும் தண்டு), துளை போட்டு வரி வெட்டிய இரண்டு ரோட்டர் (டிஸ்க் தட்டு), இரண்டு காலிப்பர் (தட்டைக் கவ்வும் பிடி), பேட் (தட்டின்மேல் அழுந்தும் கட்டை), பேரிங், ஹோஸ், மாஸ்டர் சிலிண்டர், பித்தளை வால்வு, ஒரு பை நிறைய போல்ட், இரண்டு பக்கத் தாள். தாளில் இருந்த படம் என் வண்டியே இல்லை, வேறொரு கம்பெனிக் கார். அப்போதே மூடித் திருப்பி அனுப்பியிருக்க வேண்டும்.

ஸ்பிண்டில் 1973 முதல் 76 வரை வந்த டார்ட், வேலியன்ட், டஸ்டர் வண்டிகளின் கம்பெனி வடிவத்தைப் பார்த்து வார்த்தது. அதில் தப்பே இல்லை, அந்த வடிவம் ஊரறிந்த நல்ல வடிவம், முன்பெல்லாம் ஆட்கள் பழைய இரும்புக் கிடங்கில் நாள் முழுக்கத் தேடி இதைத்தான் கழற்றிக்கொண்டு வருவார்கள். வார்ப்பு சுத்தமாக இருந்தது, பேரிங் உட்காரும் இடத்தை மைக்ரோமீட்டர் வைத்துப் பார்த்தேன், இரண்டும் ஒன்றுக்கொன்று சரியாக இருந்தன. ஒரு துளையில் மட்டும் மரை பாதியோடு நின்றிருந்தது, டேப் விட்டு நானே முடித்தேன். பால் ஜாயின்ட் (ஸ்பிண்டிலைச் சஸ்பென்ஷன் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு) உட்காரும் கூம்புத் துளையில் பெயின்ட் அடித்து வைத்திருந்தார்கள். அதைச் சுரண்டி எடுக்காமல் மாட்டக் கூடாது, பெயின்ட்மேல் உட்கார்ந்த கூம்பு நாளாக நாளாகத் தளரும். ரோட்டர் 10.87 அங்குலம், டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பார்த்ததில் ஆட்டம் மிகக் குறைவு. துளையும் வரியும் அழகுக்குத்தான், இந்த வண்டிக்குச் சாதா ரோட்டரே தாராளம். காலிப்பர் ஒற்றை பிஸ்டன், 2.75 அங்குலம், கம்பெனி அளவேதான். நாலு மார்க் என்று சொன்னது இவற்றுக்கு.

இனி ‘கம்ப்ளீட்’ கதை. 1973க்குப் பிந்தைய ஸ்பிண்டிலின் மேல் பால் ஜாயின்ட் பெரியது. 1970 வண்டியின் மேல் கையில், அதாவது ஸ்பிண்டிலின் மேல்முனையைப் பிடித்திருக்கும் சஸ்பென்ஷன் கையில், இருப்பது சிறியது. அதாவது இந்த ஸ்பிண்டிலை மாட்ட மேல் கையையும் மாற்ற வேண்டும். இது விளம்பரத்தில் இருந்ததா? இருந்தது, பக்கத்தின் அடியில், ‘சில மாடல்களுக்குக் கூடுதல் பாகங்கள் தேவைப்படலாம்’ என்று. சில மாடல் என்றால் எந்த மாடல்? போன் போட்டுக் கேட்டேன். எதிர்முனைப் பையன் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு “பொருந்தும் என்றுதான் காட்டுகிறது சார்” என்றான். அவனைச் சொல்லிக் குற்றமில்லை, அவன் பிறப்பதற்கு ஒரு தலைமுறை முன்னால் ஓடிய வண்டி.

குழாய் வடிவ மேல் கை ஒரு ஜோடி தனியாக 340 டாலருக்கு வாங்கினேன். வாங்கியதில் வருத்தமில்லை. 1970இல் கம்பெனி சொன்ன வீல் அலைன்மென்ட் அன்றைய பயாஸ் டயருக்கும் பவர் இல்லாத ஸ்டீயரிங்குக்கும் ஏற்றது, காஸ்டர் (முன் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வு) பூஜ்யத்தை ஒட்டியே இருக்கும். ரேடியல் டயர் போட்டு அந்த அளவிலேயே வைத்தால் கார் நெடுஞ்சாலையில் மேய்ந்துகொண்டே போகும். புதுக் கையில் அந்தச் சாய்வு சேர்த்தே செய்திருக்கிறார்கள். இவ்வளவு செலவு வேண்டாம் என்பவர்கள் 1973க்குப் பிந்தைய பழைய மேல் கையைத் தேடிப் பிடித்து, மூக் கம்பெனியின் கே7103 என்ற மையம் தள்ளிய புஷ்ஷைத் திருப்பிப் போட்டே ஓரளவு சாய்வைப் பிடிக்கலாம், காசும் மிச்சம்.

அடுத்தது வீல். இதில்தான் தலையில் கை வைத்து உட்கார்ந்தேன். 1970 டஸ்டரின் வீல் போல்ட் ஐந்தும் 4 அங்குல வட்டத்தில் இருக்கும். கிட்டின் ரோட்டரில் அது 4½ அங்குலம். முன்னால் ஒரு வீல், பின்னால் ஒரு வீல் என்று ஓட்ட முடியாதா என்றால் ஓட்டலாம், பஞ்சரானால் எந்த ஸ்டெப்னியை எடுப்பது? சரி என்று பின் அச்சையும் மாற்ற முடிவு செய்தேன். என் காரில் இருந்தது 7¼ அங்குல டிஃபரன்ஷியல், ஏற்றிய எஞ்சினுக்கு அது எப்படியும் தாங்காது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். ஓஹையோ பக்கம் ஒரு பழைய இரும்புக் கிடங்கில் 1974 டார்ட் நாலு கதவு வண்டியின் 8¼ அங்குல அச்சு 350 டாலருக்குக் கிடைத்தது, பேரிங், சீல், ஷூ என்று இன்னும் 120. பழைய 15 அங்குல இரும்பு வீல் நாலும் புது டயரும் 780. பிரேக் மாற்றப் போனவன் பாதிக் காரை மாற்றிக்கொண்டிருந்தேன். வீட்டில் கணக்குக் கேட்டபோது டயர் எப்படியும் பழசாகியிருந்தது என்று சொல்லிவைத்தேன், அது உண்மையும்தான்.

பிரிக்கும் வேலையைப் பற்றி இரண்டு விஷயம் சொல்லியாக வேண்டும். முதலாவது, இந்தக் காலத்துக் கிரைஸ்லர் வண்டிகளில் டிரைவர் பக்கத்து வீல் நட்டுகள் இடது மரை. போல்ட் நுனியில் எல் என்று குத்தியிருக்கும், துருவில் தெரியாது. நான் நாலடிக் குழாயை மாட்டி அதன்மேல் ஏறி நின்று ஒரு போல்ட்டை முறித்தேன். முறிந்த சத்தம் கேட்டுத்தான் பெரியவர் தெருவைத் தாண்டி வந்தார். “அந்தப் பக்கம் திருப்பினால் இறுகும் தம்பி” என்கிற அர்த்தத்தில் என்னவோ சொன்னார், சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் சொன்னார்.

இரண்டாவது, முன் சஸ்பென்ஷனில் சுருள் ஸ்பிரிங் கிடையாது, நீளவாக்கில் ஒரு முறுக்குக் கம்பி இருக்கிறது, டார்ஷன் பார் என்பார்கள். கீழ்க் கைக்கு அருகே இருக்கும் ஒரு போல்ட்டைத் தளர்த்தி அந்த முறுக்கை இறக்கிவிட்டுத்தான் எதிலும் கை வைக்க வேண்டும். கிட்டின் தாளில் இதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஒரு வரிகூட! படித்துப் பார்த்துவிட்டு நேரே பால் ஜாயின்ட் நட்டைக் கழற்றுகிற ஆள் ஒருவன் இருந்தால் அவன் கை என்னாவது? கம்பியில் பைப் ரெஞ்ச் போடவும் கூடாது, அதில் விழும் சின்ன வெட்டுதான் பின்னாளில் முறியும் இடம். இதையெல்லாம் 1970 கம்பெனி சர்வீஸ் புத்தகத்தின் மறுபதிப்பில் படம் போட்டுச் சொல்லியிருக்கிறார்கள், கிட் வாங்கும் முன் அதை வாங்குங்கள். அப்புறம், பழைய பிரேக் ஷூவில் கல்நார் (ஆஸ்பெஸ்டாஸ்) இருக்கும், அந்தத் தூசு மூச்சில் போகக் கூடாது. டிரம்மைத் திறந்ததும் காற்றடித்துத் தூசு தட்டுகிற நம் பட்டறைப் பழக்கம் இங்கே ஆகாது. நான் நனைத்துத் துடைத்துப் பையில் கட்டினேன்.

பூட்டுவது எளிது. ரோட்டரில் ஒரு பேரிங் கப் முழுக்க உள்ளே இறங்காமல் நின்றது, பித்தளைத் தண்டு வைத்துத் தட்டி இறக்கினேன், பார்க்காமல் விட்டிருந்தால் நூறு மைலில் வீல் ஆடியிருக்கும். ரோட்டரைச் சுற்றிக்கொண்டே நட்டை இறுக்கி, தளர்த்தி, விரலால் தொட்டு நிறுத்தி, காட்டர் பின். பெட்டியில் காலிப்பர்களுக்கு இடது, வலது என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள், அப்படியே மாட்டினேன். ஹோஸ் கொஞ்சம் முறுக்கிக்கொண்டு நின்றது. மலிவு ஹோஸ், அப்படித்தான் இருக்கும் என்று நினைத்தேன். அங்கேதான் தப்பு பண்ணினேன்.

பிரேக் ஆயில் ஊற்றி ஏர் எடுக்க உட்கார்ந்தோம். காருக்குள் என் மகள், வயது 14. வெளியே தரையில் நான். அழுத்துடா கண்ணு, பிடி, விடு. அழுத்து, பிடி, விடு. ஒரு மணி நேரம். “ப்பா, இன்னும் பஞ்சு மாதிரிதான் இருக்கு.” மாஸ்டர் சிலிண்டரைக் கழற்றி வைஸில் பிடித்துத் தனியாக ஏர் எடுத்து மறுபடி மாட்டினேன். அழுத்து, பிடி, விடு. குமிழி வருவது நின்றுவிட்டது, பெடல் மட்டும் பஞ்சு. இரண்டு பாட்டில் ஆயில் போனது, ஃபெண்டரில் சிந்திய இடத்தில் பெயின்ட் சுருங்கியது. மறுநாள் அவள் தோழி வீட்டுக்குப் போகிறேன் என்று காலையிலேயே கிளம்பிவிட்டாள். மனைவி பதினைந்து நிமிடம் உட்கார்ந்துவிட்டு “என்னங்க, இது எதோ அடிப்படையிலேயே தப்பா இருக்கு” என்றாள். நான் வால்வைத் திட்டினேன், சிலிண்டரைத் திட்டினேன். மூன்றாம் நாள் பெரியவர் காப்பிக் கோப்பையோடு வந்து, வீல் இருக்கும் இடத்தில் குனிந்து பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்: காற்று மேலே போகுமா, கீழே போகுமா?

ஏர் எடுக்கும் திருகு காலிப்பரின் அடியில் இருந்தது. இரண்டிலும். இடது ஸ்டிக்கர் ஒட்டியது வலது காலிப்பர். திருகு மேலே இருந்தால்தான் உச்சியில் சேரும் காற்று வெளியே வரும். அடியில் இருந்தால் ஆயில் வந்துகொண்டே இருக்கும், காற்று மேலே சொகுசாக உட்கார்ந்திருக்கும். பக்கம் மாற்றி மாட்டினேன், ஹோஸ் முறுக்கும் போனது, இருபது நிமிடத்தில் பெடல் கல்லானது. ஸ்டிக்கரை ஒட்டியவர் மேல் கோபம்தான், ஆனால் திருகு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பார்க்காத என்னை என்ன சொல்வது.

பெடல் கல்லானது என்றேனே, நிஜமாகவே கல். வீட்டு வாசலில் பத்து மைல் வேகத்தில் அழுத்திப் பார்த்தால் கார் ஆற அமர நின்றது. புது டிஸ்க் பிரேக் பழைய டிரம்மைவிட மோசமாக நிற்கிறதே என்று ஒரு நிமிடம் வயிற்றைக் கலக்கியது. காரணம் மாஸ்டர் சிலிண்டர். கிட்டோடு வந்ததன் துளை 1⅛ அங்குலம், அது பூஸ்டர் வைத்த வண்டிக்கான அளவு. என் காரில் பூஸ்டர் இல்லை, அதைத் தெளிவாக எழுதித்தான் ஆர்டர் செய்தேன். கணக்கு இதுதான்: காலால் 100 பவுண்டு அழுத்தினால், பெடல் நெம்புகோல் அதை ஆறு மடங்காக்கினால், சிலிண்டருக்கு 600 பவுண்டு போகிறது. 1⅛ அங்குலத் துளைக்குப் பரப்பு கிட்டத்தட்ட 1 சதுர அங்குலம், ஆக ஆயிலில் சுமார் 600 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு 600 பவுண்டு) அழுத்தம். அதே காலுக்கு 15/16 அங்குலத் துளை என்றால் பரப்பு 0.69, அழுத்தம் 870 பி.எஸ்.ஐ. தொடுகிறது. டிரம்மில் இந்தக் குறையை ஷூவே பெருக்கிச் சரிக்கட்டிவிடும். டிஸ்க்குக்கு அந்த உதவி இல்லை, அழுத்தம் நேராக வந்தாக வேண்டும். 95 டாலருக்கு 15/16 சிலிண்டர் வாங்கி மாட்டினேன். பெடல் கொஞ்சம் கூடுதலாக இறங்குகிறது, கார் நிற்கிறது. பூஸ்டர் இல்லாதவர்கள் கிட் வாங்கும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி: மாஸ்டர் சிலிண்டர் துளை எத்தனை அங்குலம்? பதில் சொல்லத் தெரியாத கடையில் வாங்காதீர்கள்.

வால்வுக்கு வருவோம். பிரேக் பிடிக்கும்போது எடை முன்னால் சாய்கிறது, பின் சக்கரம் லேசாகிறது, பின் டிரம்முக்குப் போகும் அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் அது முதலில் பூட்டிக்கொள்ளும், வால் சுற்றும். கிட்டின் பித்தளை வால்வு இந்தக் குறைப்பை ஒரே நிலையில் செய்கிறது, என் வண்டியின் எடைக்கு அந்த நிலை சரியில்லை. மழை பெய்து ஓய்ந்த ஒரு மாலையில், ஆளில்லாத பள்ளி வாகன நிறுத்தத்தில், முப்பது மைல் வேகத்தில் அழுத்தியபோது வால் ஓர் ஆள் தூரம் நகர்ந்தது. அந்த வால்வின் ஓர் இணைப்பில் ஆயில் கசிவும் இருந்தது, எவ்வளவு இறுக்கியும் நிற்கவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு வில்வுட் கம்பெனியின் திருகு வைத்த வால்வைப் பின் லைனில் போட்டேன், 60 டாலர், முன் லைனுக்குக் காரின் பழைய பித்தளைக் கட்டையே போதும். கால் கால் சுற்றாகத் திருப்பி, முன் சக்கரம் முதலில் பூட்டும்படி வைத்தேன். முழுக் கிட்டிலும் கிடைக்காத நிம்மதி அந்த ஒரு திருகில் கிடைத்தது.

ஹோஸும் மாறியது. காலிப்பர் சரியான பக்கத்துக்கு வந்த பிறகும் ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால் வலப்பக்கத்து ஹோஸ் டயரில் உரசியது. ராக் ஆட்டோ என்ற இணையக் கடையில் 1973 டார்ட்டுக்கு என்று போட்டுத் தேடி இரண்டு ஹோஸ் வாங்கினேன், இரண்டும் சேர்ந்து ஒரு குடும்பத்தோடு தோசை சாப்பிடுகிற காசுகூட இல்லை, கச்சிதமாகப் பொருந்தின. உலோகக் குழாய்களை முழுக்கத் தாமிர நிக்கல் குழாயில் புதிதாக வளைத்தேன். இரும்புக் குழாயைப் போல அடம்பிடிக்காது, கையாலேயே வளையும், மிச்சிகன் உப்புக்கும் துருவாது. நுனியை இரட்டை மடிப்பாக விரிக்க வேண்டும், ஒற்றை மடிப்பு பிரேக்குக்கு ஆகாது. முதல் ஆறு நுனியை வீணாக்கினேன், ஏழாவதில் கை பழகியது.

வீல் அலைன்மென்ட்டுக்கு இரண்டு பெரிய கடைகள் கம்ப்யூட்டரில் இந்த வண்டி இல்லை என்று திருப்பி அனுப்பின. மூன்றாவதாகப் போனது ஒரு சின்னப் பட்டறை, அங்கிருந்தவர் “என்ன எண் வேண்டும், எழுதிக் கொடு” என்றார். காஸ்டர் மூன்று டிகிரி என்று எழுதிக் கொடுத்தேன், 120 டாலர்.

இப்போது எப்படி இருக்கிறது? நாற்பது மைலில் இருந்து பத்துத் தடவை விடாமல் நிறுத்தி பேடைப் பழக்கினேன், பத்தாவது தடவையும் முதல் தடவை மாதிரியே நேராக நின்றது. ஸ்டீயரிங்கை இரண்டு விரலில் பிடித்துக்கொண்டு அழுத்தினாலும் இழுப்பு இல்லை. கால் பலம் புதுக் கார்களைவிடக் கூடத்தான் வேண்டும், என் மனைவிக்கு அது பிடிக்கவில்லை. வரலாற்று வாகனம் என்ற பதிவில் ஓடுவதால் மற்ற மாதங்களில் கண்காட்சி, அணிவகுப்பு, பழுது பார்ப்பது என்று காரணம் இருந்தால்தான் எடுக்க வேண்டும், ஆகஸ்டு மாதம் மட்டும் இந்த மாநிலச் சட்டமே தாராளமாக ஓட்டிக்கொள் என்கிறது. ஆகஸ்டு மூன்றாம் சனிக்கிழமை உட்வர்ட் அவென்யூவில் பழைய கார்கள் எல்லாம் கூடும் நாள். பெரியவரைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு ஃபெர்ண்டேலில் இருந்து பான்டியாக் வரை நத்தை வேகத்தில், நின்று நின்று, நின்று நின்று போனோம். பிரேக்கைச் சோதிக்க அதைவிட நல்ல ரோடு கிடையாது.

மறுபடி செய்வதானால் கிட் வாங்க மாட்டேன். 1973 முதல் 76 வரையிலான டார்ட், டஸ்டர் வண்டிக்கு என்று கேட்டு ஸ்பிண்டில், ரோட்டர், காலிப்பர், ஹோஸ், மேல் கை ஆகியவற்றைத் தனித்தனியாக வாங்குவேன், 15/16 மாஸ்டர் சிலிண்டரும் திருகு வால்வும் சேர்த்துக்கொள்வேன். காசு பெரிதாக மிச்சமாகாது, ஆனால் ஒவ்வொரு சாமானும் எந்த வண்டியுடையது என்று தெரிந்திருக்கும், நாளைக்கு பேட் தேய்ந்தால் எதைக் கேட்டு வாங்குவது என்ற குழப்பம் வராது. டஸ்டர் 340 வைத்திருப்பவர்கள் இதில் எதையும் செய்யாதீர்கள், உங்களுடைய கம்பெனி டிஸ்க்கே உங்கள் காரின் விலை. 318 வைத்துக்கொண்டு 14 அங்குல வீலும் பழைய அச்சும் போதும், ஞாயிற்றுக்கிழமை ஐஸ்கிரீம் கடைவரை போய்வந்தால் போதும் என்பவர்கள், நல்ல லைனர் போட்டு டிரம்மைச் சரியாகக் கடைந்து அளவாக அட்ஜஸ்ட் செய்துகொண்டாலே போதும், 2,800 டாலர் தேவையில்லை.

கழற்றிய முன் டிரம் இரண்டும் கராஜ் மூலையில் கிடக்கின்றன. 10 அங்குலம், ஐந்து போல்ட், 4 அங்குல வட்டம், இன்னும் ஒரு தடவை கடையலாம். பழைய வண்டியைக் கம்பெனி மாதிரியே வைத்திருக்கும் யாருக்காவது வேண்டுமானால் சும்மாவே தருகிறேன், வந்து எடுத்துக்கொள்ள வேண்டும். இடப்பக்கத்து நட்டுகளைத் தனி டப்பாவில் போட்டு ‘இடது மரை’ என்று எழுதி வைத்திருக்கிறேன். அதில் நாலுதான் இருக்கும், ஐந்தாவது நான் முறித்தது.